முகத்தில் பரு என்றால் முதலில் காலண்டரை எடுங்கள்

கோத்தகிரியில் என் சிகிச்சை அறைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் முகத்தைக் காட்டத்தான் வருகிறார்கள். உட்கார்ந்ததும் சால்வையை விலக்கி, "இங்க பாருங்க சிஸ்டர்" என்பார்கள். 18 வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் அக்குபங்சர் படித்தேன், அதனால் ஊருக்கு இன்னும் நான் சிஸ்டர்தான். முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாக்ஸைக் கழற்றிவிட்டு காலை நீட்டுங்க" என்று நான் சொன்னதும் சிலருக்கு ஏமாற்றமாகிவிடும். முகத்துக்குக் காசு கொடுக்க வந்தவளுக்குக் காலில் ஊசியா?

ஏன் கால் என்று பிறகு சொல்கிறேன். ஊசிக்கும் முன்னால் ஒரு காலண்டர் வேண்டும்.

சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும். மாதவிலக்கு வந்த முதல் நாளுக்கு ஒரு வட்டம். புதிதாகப் பரு வந்தால் "ப". அரிப்பு என்றால் "அ". தூக்கம் கெட்ட ராத்திரிக்கு "தூ". காரணமில்லாமல் உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்தால் "கொ". வீட்டில் வேறு யாருக்கும் புரியாது, அதுவும் நல்லதுதான். மூன்று மாதம் இப்படி எழுதிக்கொண்டு வந்தால், ஆயிரக்கணக்கில் பரிசோதனை எடுத்தாலும் கிடைக்காத ஒரு விஷயம் கிடைக்கும்: உங்கள் தோல் எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்ற ஒழுங்கு.

வட்டத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் "ப" கூட்டமாக விழுந்து, விலக்கு வந்ததும் அடங்கினால் அது மாதச் சுழற்சியோடு வரும் பரு. பெரும்பாலும் தாடை ஓரத்திலும் முகவாயிலும் வரும். சுழற்சியின் கடைசி நாட்களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் குறைகிறது, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜென் கை ஓங்குகிறது, தோலில் எண்ணெய் சுரப்பது கூடுகிறது. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

வட்டமே ஒழுங்காக விழவில்லை, 40 நாள், 60 நாள் தள்ளிப்போகிறது, கூடவே பரு, முகவாயில் முடி, கழுத்துப் பின்பக்கம் அழுக்குப் போலக் கறுப்பு என்றால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கழுத்துக் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்த கல்லூரிப் பெண்கள் உண்டு. அது அழுக்கில்லை அம்மா, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு உடம்பு ஒட்டிய நோட்டீஸ். சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகுதான் என் மேஜைக்கு வர வேண்டும். மாலை டீக்கு நான்கு வர்க்கி என்ற பழக்கத்தையும் அன்றைக்கே விட்டுவிட வேண்டும். அது ஊசியைவிட முக்கியம்.

கன்னம், நெற்றி, மேலுதட்டில் பழுப்பாகப் படர்ந்தால் மங்கு. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் தலைகாட்டும், வெயிலில் வளரும்.

45-ஐத் தாண்டியவர்களின் காலண்டரில் வட்டங்கள் தாறுமாறாகி "அ"வும் "தூ"வும் "கொ"வும் நிறையும். நம் நாட்டுப் பெண்களுக்கு விலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. தோல் மெலிகிறது, ஈரம் நிற்பதில்லை, ஸ்வெட்டர் உரசினால்கூட எரிகிறது.

எனக்கு அது 49 வயதில் வந்தது. ஜனவரி மாதம், வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடக்கிறது. நடுராத்திரி நான் கம்பளியை உதறிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்து நிற்கிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் குளிரில் பல் கிட்டிக்கொண்டு, "உனக்குப் பைத்தியமா?" என்கிறார். பத்து நிமிடத்தில் வியர்வை ஆறி எனக்கும் நடுங்கும், திரும்பக் கம்பளி. விடிவதற்குள் மூன்று தடவை. பகலில் கெண்டைக்கால் அரிப்பு. நர்ஸாக இருந்தவளுக்கே அது விலக்கு நிற்கும் காலத்து வறட்சி என்று உறைக்க இரண்டு மாதமானது. சோப்பை மாற்றினேன், துணி சோப்பை மாற்றினேன், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். கடைசியில் தைராய்டு பரிசோதனை எடுத்து அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் காலிலேயே ஊசி வைத்துக்கொண்டேன். அரிப்போடு களைப்பு, உடல் பருமன், முடி கொட்டுதல் இருந்தால் தைராய்டும் இதே மாதிரி வேஷம் போடும்.

ஊசி என்ன செய்யும்?

"சீனா ஊசியா?" என்று கூட வரும் கணவர்கள் கேட்பார்கள். ஆமாம். இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் கொல்கத்தாவின் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல் போரில் காயம்பட்டவர்களுக்கு உதவ டாக்டர் கோட்னிஸோடு சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவர், பின்னாளில் மறுபடி அங்கே போய் 1959-ல் அக்குபங்சர் கற்றுக்கொண்டு திரும்பினார். 2019-ல் மத்திய அரசு இதைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது. அது அங்கீகாரம் மட்டும்தான், எல்லாவற்றையும் குணமாக்கும் என்ற சான்றிதழ் இல்லை.

என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2016-ல் ஆஸ்திரேலியாவில் விலக்கு நிற்கும் காலத்துத் திடீர் உடல் கொதிப்புக்காக 327 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு உண்மை ஊசி, மீதிப்பேருக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசி, பத்து அமர்வுகள். இரண்டு பக்கமும் தொல்லை சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதாவது உண்மை ஊசி ஜெயிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்லை. பிறகு வேறு மாதிரி யோசித்தேன். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் போனில்லாமல், அடுப்பில்லாமல், யாரும் கூப்பிடாமல் படுத்திருப்பது, ஒருத்தி உட்கார்ந்து கதை கேட்பது, இதெல்லாமும் அந்த 40-ல் இருக்கிறது. அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் "ஊசியால் ஹார்மோன் சமநிலைக்கு வந்துவிடும்" என்று சொல்லவும் மாட்டேன்.

என் அனுபவத்தில் தூக்கம் தேறுகிறது, அரிப்பின் வேகம் தணிகிறது, படபடப்பு குறைகிறது. தூக்கம் வந்தால் சொறிவதும் பருவைக் கிள்ளுவதும் குறைகிறது. தோல் ஆறுவது அப்படித்தான். காலில் ஊசி வைப்பதற்கும் இதுதான் காரணம், இதற்கெல்லாம் நான் நாடும் புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஊசியால் மங்கு மறையாது. போன கொலாஜன் திரும்பாது. தழும்பு போகாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது

ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருமுறை குத்தியது குப்பைக்குப் போக வேண்டும். கழுவி வைத்திருக்கிறேன், கொதிக்க வைத்திருக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அக்குபங்சர் ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆஸ்பத்திரி ஊசியில் பாதிக்கும் கீழே. குத்தும்போது எறும்பு கடி, பிறகு ஒரு கனம், ஒரு இழுப்பு. சுளீரென்று வலித்தால் உடனே சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும்.

சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போக வேண்டாம். நம் ஊரில் விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு "எல்லாம் கழிவு வெளியேறுவது, பரு வரட்டும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் பரு சீழ் பிடித்துத் தழும்பாகிற வரைக்கும் "கழிவு" என்று காத்திருக்கச் செய்வதுதான் கெடுதல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறி எடுத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் விரலால் அழுத்த

ஊசி என் வேலை, விரல் உங்கள் வேலை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டிலில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். அளவெல்லாம் உங்கள் சொந்த விரலில்தான், என் விரலில் இல்லை: கட்டைவிரலின் அகலம் ஒரு அளவு, நான்கு விரல் சேர்த்தால் மூன்று அளவு.

ஒரே ஒரு புள்ளிதான் கற்றுக்கொள்வேன் என்றால் மண்ணீரல் 6-ஐக் கற்றுக்கொள்ளுங்கள், அதாவது சீன மருத்துவம் உடம்பில் வரையும் மண்ணீரல் பாதையின் ஆறாவது புள்ளி. கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பின் உச்சியில் சுண்டுவிரல் படும்படி நான்கு விரலையும் மேல்நோக்கி அடுக்குங்கள். ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், கால் எலும்பின் பின் விளிம்பை ஒட்டி அழுத்திப் பார்த்தால் ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கூச்சமாக, லேசான வலியோடு இருக்கும். அதுதான். சீனத்தில் இதற்கு மூன்று யின் பாதைகளின் சந்திப்பு என்று பெயர். மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகப் பாதைகள் மூன்றும் சேரும், எங்கள் கோத்தகிரி டானிங்டன் சந்திப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பின் மேலேயே அழுத்திக்கொண்டு "ஒன்றும் தெரியலையே" என்பார்கள். எலும்பிலிருந்து வழுக்கிச் சதைக்குள் இறங்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, ஒரு நிமிடம், இரண்டு காலிலும். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால்கூட இந்தப் புள்ளியைத் தொடாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தலைவலிக்கு எல்லோரும் அழுத்தும் பெருங்குடல் 4-க்கும் அதே தடை.

அப்படியே விரலைக் கீழே இறக்கினால் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவே ஒரு பள்ளம், சிறுநீரகம் 3. சீனப் பெயருக்குப் பெரிய ஓடை என்று அர்த்தம். ராத்திரி கொதிப்பும் வியர்வையும் உள்ளவர்களுக்கு இதைச் சேர்த்துக்கொடுப்பேன். விலக்குக்கு முந்தின வாரம் எரிச்சலும் கோபமும் பருவும் சேர்ந்து வருபவர்களுக்குக் கல்லீரல் 3, பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலும் அடுத்த விரலும் பிரியும் இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே. படபடப்புக்கு மணிக்கட்டு ரேகையிலிருந்து உள்பக்கமாக மூன்று விரல் மேலே, இரண்டு நரம்புக் கயிற்றுக்கு நடுவே.

அரிப்புக்கு இரண்டு. முழங்கையை மடக்கினால் வெளிப்பக்கம் மடிப்பு ரேகை முடியும் இடம் பெருங்குடல் 11. முழங்காலை மடக்கி உட்கார்ந்தால், முட்டிச் சிப்பியின் உள்மேல் மூலையிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே, தொடைச் சதை மேடாக இருக்கும் இடம் மண்ணீரல் 10; அதற்கு ரத்தக் கடல் என்று பெயர். கை சொறியப் போகும்போதெல்லாம் சொறிவதற்குப் பதில் இந்த இரண்டில் ஒன்றை அழுத்துங்கள். புள்ளியின் மகிமையா, கைக்கு வேறு வேலை கொடுத்ததாலா என்று கேட்டால், எதுவாக இருந்தால் என்ன, தோல் தப்பித்தது.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், நாள் முழுக்க நின்ற காலோடு வருபவர், "இதுக்கெல்லாம் நேரம் ஏது சிஸ்டர்" என்றார். மண்ணீரல் 6 மட்டும், படுத்துக்கொண்டு, ஒரு காலின் புள்ளியை இன்னொரு காலின் குதிகாலால் அழுத்தச் சொன்னேன். ஐந்து நாளில், "அழுத்திக்கிட்டே தூங்கிடறேன்" என்றார். எனக்கு அதுதான் வேண்டும்.

தைலம் தடவிய விரலால் அழுத்தாதீர்கள். எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் யூகலிப்டஸ் தைலம்தான். மெலிந்துபோன தோலில் அது எரிச்சலையும் கொப்பளத்தையும் கொடுக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி போதும். இங்கே அது வருடத்தில் பாதி நாள் கல்லாக உறைந்திருக்கும், உள்ளங்கைச் சூட்டில் உருக்கிக்கொள்ளுங்கள்.

முகத்தில் மட்டும் வேண்டாம்

முகத்துக்கு ஊசி வைக்கும் "அழகு அக்குபங்சர்" இப்போது எங்கும் இருக்கிறது. நானும் செய்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் வைத்து, ஒரு சின்ன ரத்தக்குழாயில் பட்டு, மறுநாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம். அவள் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து விசேஷம் வைத்திருப்பவர்களின் முகத்தைத் தொடுவதில்லை, மற்றவர்களுக்கும் கழுத்துக்குக் கீழேதான். பருவின் மேலோ பக்கத்திலோ நீங்களும் அழுத்த வேண்டாம், சீழ் உள்ளே பரவும்.

முகத்துக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் வெளுப்புக் களிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும், மூன்று மாதத்தில் தோல் சருகாகி, சிவந்து, முடி முளைக்கும்; நிறுத்தினால் பரு பொங்கும். அப்படி வருபவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. ஊசி அதைச் சரிசெய்யாது, தோல் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு

1000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும். கோத்தகிரி கிட்டத்தட்ட 6000 அடி. அப்படியானால் மலையடிவார மேட்டுப்பாளையத்தைவிட இங்கே சுமார் ஆறில் ஒரு பங்கு அதிகம். வெயில் உறைக்காததால் நமக்குத் தெரிவதில்லை. மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரைக்கும் வந்துவிடும். படகர்களின் ஹெத்தை பண்டிகை முடிந்த வாரத்தில் மங்கோடு வருபவர்கள் அதிகம், திறந்த வெளியில் நாள் முழுக்க நின்றிருப்பார்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். மங்குக்கு நிறம் கலந்த வகை இன்னும் நல்லது. காசில்லை என்றால் அகலத் தொப்பி, முந்தானை.

கரி அடுப்பை மூட்டி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவதை நிறுத்துங்கள். சூடு மங்கையும் வளர்க்கும், கொதிப்பையும் கிளப்பும். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே எடுக்கும், அது தனி விஷயம். குளிக்கும் தண்ணீர் ஆவி பறக்கக் கூடாது, வெதுவெதுப்பு போதும், ஐந்து நிமிடம் போதும். குளிருக்கு வெந்நீர் சுகம்தான், எனக்குத் தெரியாதா, ஆனால் என் கெண்டைக்கால் அரிப்பில் பாதி அந்த வெந்நீரை விட்டதும் போய்விட்டது. துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, வாசனையில்லாத களிம்போ வாசலினோ பூசுங்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே ஒரு பருத்தித் துணி.

என்னிடம் வராமல் நேரே டாக்டரிடம் போக வேண்டியவர்களும் உண்டு. விலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போக வேண்டும், அதில் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. 40 வயதுக்கு முன்னால் மூன்று மாதம் விலக்கு வராமலிருந்தால், திடீரென்று முகத்தில் முடி வளர்ந்து குரல் மாறினால், மச்சம் நிறம் மாறினால், கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் அரித்தால், பரு கட்டியாகி வலித்துத் தழும்பு விழுந்தால், இதற்கெல்லாம் விரலும் வேண்டாம் ஊசியும் வேண்டாம்.

மற்றவர்கள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பாருங்கள். காலண்டரில் "தூ"வும் "அ"வும் குறையவில்லை என்றால் ஏழாவது வாரம் வர வேண்டாம், அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்குங்கள் என்று நானே பலரை அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை வரும்போது மாத்திரைச் சீட்டு, பழைய ரிப்போர்ட், கழற்றச் சுலபமான சாக்ஸ். காலண்டர் தாளைக் கிழித்து மடித்து எடுத்து வந்துவிடுங்கள், ஓரத்தில் பால் கணக்கு இருந்தால் பரவாயில்லை.